புகையிலைச் சாக்கின் மேல் பிரேசில் குஸ்தி

திண்டுக்கல் ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்க வந்த ஆளை நான் நம்பவில்லை. தூக்க வராமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆளை இன்னும் நம்பவில்லை. ஒரு கையில் பெட்டி, இடுப்பில் மூன்று வயது வசந்தி, தோளிலிருந்து நழுவும் பை என்று எல்லாவற்றையும் நானே சுமந்துகொண்டு வெளியே வந்தேன். வரிசையாக நின்ற குதிரை வண்டிகளில் ஒன்றின் வண்டிக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"வா தாயி, ஏறு. எந்த ஊரு? பேச்சு ஒரு தினுசா இருக்கே."

நான் அதுவரை ஒரு வார்த்தைதான் பேசியிருந்தேன். அதுவும் குழந்தையிடம். "மதுரை" என்றேன். கொழும்பு என்று சொன்னால் பெட்டி நிறையத் தங்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

"மருதையா?" என்று அவர் குதிரையின் காதருகே குனிந்தார். "கேட்டுக்கிட்டியா அப்பு, மருதையாம்."

வண்டி பெரிய தெருவை விட்டுச் சந்துக்குள் திரும்பியது. இரு பக்கமும் புகையிலை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகள். காரமான வாசனை மூக்கைத் துளைத்தது. ஆள் நடமாட்டமும் குறைவு. குதித்துவிடலாமா என்று யோசித்தேன். குதித்தால் முதலில் கீழே போட வேண்டியது பெட்டியா, பையா? முடிவுக்கு வருமுன் வண்டி ஒரு நீலக் கதவின் முன் நின்றது.

"ஆத்தா! ஒங்க கொழும்பு மருமகளைக் கொண்டாந்துட்டேன். மருதைன்னு சொல்லிக்கிட்டு வருது!" என்று அவர் தெருவே கேட்கக் கூவினார். அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பியவரே என் மாமியார்தான். தெரிந்திருந்தும் எதற்காக ஊரைக் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் போன காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கர். நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். சிங்களவர் தமிழர் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஜன்னல்களைப் பொழுதோடு சாத்தும் பழக்கம் வந்தது. அதுவும் பழகிப்போயிற்று. ஆனால் சென்ற வருஷம் ஒரு நாள் புறக்கோட்டையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். இடுப்பில் வசந்தி. நான் கத்தவில்லை, உதறவில்லை, மரம்போல நின்றேன். பக்கத்தில் கூடையுடன் நின்ற ஒரு சிங்களப் பெண் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியதும் கையை விட்டுவிட்டுப் போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். அவர் பல நாட்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. இடையில் தனியாக ஒரு முறை திண்டுக்கல் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "காலம் சரியில்லை. வசந்தி கொஞ்ச வருஷம் திண்டுக்கல்லில் அம்மாகிட்ட வளரட்டும். அம்மா ரொம்ப ஆசைப்படுறாங்க. இனி லீவு கிடைக்காது. நீ கொண்டுபோய் விட்டுட்டு வா."

நான் சரி என்றேன். எதிர்த்துக் கேட்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் குழந்தைக்கு இது நல்லது என்று பெற்றவரே சொல்லும்போது, வேண்டாம் என்பது என் சுயநலமாகிவிடாதா? அன்று குழந்தையை வைத்துக்கொண்டு மரமாய் நின்றவளுக்கு மறுத்துப் பேச என்ன வாய் இருக்கிறது? இப்படி என்னை நானே கேட்டுக்கொண்டே கப்பல் ஏறினேன்.

அத்தை ஐம்பதைத் தாண்டியவர். ஆனால் நடை என்னுடையதைவிட வேகம். மாமா ஓயாமல் புகையிலை போட்டு, வாயில் புண் வந்து போய்ச் சேர்ந்தவர். அதனால் அந்த வீட்டுக்குள் புகையிலை என்ற சொல்லே கூடாது. பால்காரர்கூடத் தெருமுனையிலேயே துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வருவார். ஊரில் பாதித் தெரு புகையிலை வாசனை வீசும்போது இந்த ஒரு வீடு மட்டும் சாம்பிராணியும் பசுஞ்சாணியும் மணந்துகொண்டிருந்தது.

முதல் நாளே எனக்குச் சந்தேகம் தட்டியது. கூடத்தில் குழந்தைக்கென்று ஒரு சின்னப் பலகை, புதுச் சிலேட்டு, வசந்தியின் காலுக்குச் சரியாக ஒரு ஜோடிக் கொலுசு. நேற்று நினைத்து இன்று வாங்கிய சாமான்கள் இல்லை இவை. எத்தனை மாதத் திட்டமோ? சாப்பாட்டிலும் அதே தந்திரம். எனக்குப் போட்ட கத்தரிக்காய் வெஞ்சனத்தில் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. குழந்தைக்கோ பருப்பும் நெய்யும் பிசைந்து, சிறுமலை வாழைப்பழத்தை உரித்து உரித்து ஊட்டினார். அந்தப் பழம் தோல் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். அழுகல் என்றுதான் நான் முதலில் ஒதுக்கினேன். உள்ளே அப்படி ஓர் இனிப்பு. கொழும்பில் காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் வாய் திறக்காத பிள்ளை, மறுநாளே அத்தையின் மடியில் போய் உட்கார்ந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஏத்தா, நீ போய்ச் செத்த நேரம் படு. பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். பழக்கி எடுக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

தண்ணீர் மாறியதில் வசந்திக்கு இருமல் வந்தது. மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்கு முன்னால் உள்ள ஒரு டிஸ்பென்சரியில் வெளிநாட்டு நர்ஸ் நன்றாகப் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்று வீட்டில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்ததால் அத்தையால் வர முடியவில்லை. நானும் வசந்தியும் மட்டும் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் பஸ் நின்றது. கண்டக்டர், "பொம்பளையாளுக தவிர எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்றார். தள்ளினார்கள். நகரவில்லை. "பொம்பளையாளுகளும் எறங்குங்க. கனம் கொறையட்டும்." இறங்கினோம். ஒரு பெரியவர் மட்டும் மூட்டுவலி என்று உள்ளேயே இருந்தார். "ஒங்க ஒருத்தருக்கே இது நிக்கும் மாமா" என்றார் கண்டக்டர்.

என் அருகில் நெசவு வீட்டுப் பெண்கள் இருவர் கன்னடம் மாதிரி ஒரு பாஷையில், என்னைப் பார்ப்பதும் பேசுவதுமாக இருந்தார்கள். பார்வை கழுத்தில் விழுவதுபோல் இருக்கவே, தாலிச் சங்கிலியைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். மூட்டுவலிக்காரர் ஜன்னல் வழியாக எனக்கு மொழிபெயர்த்தார்: "பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, காதை மூடாமக் காத்துல நிறுத்தியிருக்கே, படிச்ச பொம்பளையா இருந்துக்கிட்டுன்னு பேசிக்கிறாக." தலைப்பை எடுத்துக் குழந்தையின் காதை மூடினேன். சங்கிலி வெளியே தெரிந்தது.

டிஸ்பென்சரியில் மருந்துப் பாட்டிலுடன் ஒரு வரிசை காத்திருந்தது. நர்ஸைக் காணோம். பின்பக்கம் கடலை மூட்டை போடும் கொட்டகையிலிருந்து முனகல் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரி மல்லாந்து கிடந்தாள். அவள் வயிற்றின் மேல் ஒரு பருத்த பெண் ஏறி உட்கார்ந்து, இரு கைகளாலும் சட்டைக் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கொலை!" என்று கத்திவிட்டேன்.

வரிசையில் நின்ற ஒருவர் கொட்டாவி விட்டபடி, "கத்தாதீங்கம்மா. வாரத்துக்கு ரெண்டு வாட்டி இப்படித்தான்" என்றார்.

கீழே கிடந்தவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "ஏலே, சத்தம் போடாதே. பாடம் நடக்குது" என்றாள் தமிழில். அடுத்த நொடி இடுப்பை மேலே தூக்கி ஒரு புரட்டு. பருத்தவள் கீழே, இவள் மேலே. இருவரும் சேர்ந்து தும்மினார்கள்.

வெள்ளைக்காரியின் பெயர் லூர்து. கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ்தான். பிரேசில் தேசம். வயது என்னைவிட நாலைந்து கூட இருக்கும். மருந்துப் பெட்டி ஏற்றிவரும் மாட்டு வண்டிக்காரரிடம் தமிழ் கற்றதால் ஆண், பெண், பெரியவர், சிறியவர் என்றில்லாமல் எல்லாரையும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். பருத்தவள் பெயர் ஆரோக்கியம், அங்கே வேலை செய்பவள். பிரசவம் பார்க்கப் பொழுது சாய்ந்து வயல் வழியே போகிற பெண்களுக்காக இந்த வகுப்பு என்று ஆரோக்கியம் சொன்னாள். அவர்களோடு டிஸ்பென்சரிக்கு வரும் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. கடல் கடந்து வந்து, ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல், யாராவது குஸ்தி கற்றுக்கொடுப்பார்களா? கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறார்களோ? கொட்டகை வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. கழுத்திலும் காதிலும் உள்ளதைக் கழற்றி அதில் போட வேண்டுமாம். சரிதான், விஷயம் இதுதான் என்று நினைத்தேன்.

லூர்து குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள். மருந்து கலக்கினாள். பிறகு என் முகம் வெளிறிக் கிடக்கிறதென்று நாடி பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அப்படியே விறைத்துப்போனேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "புடிச்சதும் மரம் ஆயிட்டே. யாரு புடிச்சா?"

இதை எப்படிக் கண்டுகொண்டாள் என்று திகைத்தேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, ஒரே தடவை பார்த்த ஒருத்தியிடம், மருந்து வாசனைக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"இழு" என்றாள். இழுத்தேன். வரவில்லை. "நாலு விரல் பக்கம் இழுக்காதே. அங்க சுவரு. கட்டைவிரல் பக்கம். அங்க கதவு." முழங்கையை மடக்கி, கட்டைவிரல் பக்கமாகத் திருப்பினேன். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவள் வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். "ஆரோக்கியம், நீ புடி" என்றாள். ஆரோக்கியத்தின் பிடியிலிருந்தும் வந்தது.

அத்தையிடம், இருமலுக்குப் புதன் சனி போகவேண்டும் என்று சொன்னேன்.

இந்தக் குஸ்தியின் பெயர் ஜூஜித்சு. ஜப்பான்காரர்கள் பிரேசிலுக்குக் கொண்டுபோய், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டதாம். லூர்து எப்படிக் கற்றாள் என்று கேட்டேன். "எனக்கு அண்ணன் மூணு பேரு. அவங்க படிக்கணும்னா கீழே விழ ஒரு ஆளு வேணும். நான் விழுந்தேன். விழுந்து விழுந்து, எந்திரிக்கிறது எப்படின்னு அவங்களைவிட எனக்கு நல்லாத் தெரிஞ்சிருச்சு."

வைக்கோலைக் கனமாகப் பரப்பி, கிட்டங்கியில் கழித்த புகையிலைச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து மேலே விரித்திருந்தார்கள். புரண்டால் தூள் கிளம்பும். பாடம் பாதி, தும்மல் பாதி. நடவுக்கு இறங்குகிற பெண்களைப்போலச் சேலையை வரிந்து பின்னால் செருகிக்கொண்டு, மேலே காக்கித் துணியில் தைத்த தடித்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதது நல்லதாயிற்று.

டப்பாவில் தாலியைப் போடமாட்டேன் என்றேன். லூர்து வாதாடினாள். மற்றப் பெண்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவள் மேலே பார்த்து அவள் பாஷையில் என்னவோ முணுமுணுத்தாள். "'மாதாவே, பொறுமையைக் குடு'ங்குறாக. தெனமும் கேக்குறதுதான்" என்று ஆரோக்கியம் விளக்கினாள். அப்புறம் அவளே என் சங்கிலியைப் பின்பக்கமாகத் திருப்பி, அதில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றை எடுத்து ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினாள். தன் மஞ்சள் கயிற்றையும் திருப்பிக் காட்டினாள். "எம்புருசன் முதுகுப் பக்கமே கெடக்கட்டும். முன்னாடி வந்தா வம்பு."

கற்ற சிலவற்றை எழுதக் கூச்சமாயிருக்கிறது. கீழே கிடந்தபடி எதிராளியின் இடுப்பைக் கால்களால் வளைத்துப் பிடிக்க வேண்டும் என்றபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குடும்பப் பெண் செய்யக்கூடியதா இது? "உன்மேல விழுறவன் அதைக் கேட்டுட்டா விழுவான்?" என்றாள் லூர்து. மறுபடி படுத்தேன்.

"மேலே இருக்கிறவளைத் தள்ளாதே. அவளைத் தள்ள உனக்குப் பலம் இல்லை. உன்னை நகர்த்தப் பலம் இருக்கு" என்பாள். இறால் மாதிரி உடம்பை வளைத்துப் பின்னால் நழுவவேண்டும். இறாலை உயிரோடு பார்த்தவள் அங்கே நான் ஒருத்திதான். "நான் சந்தையில காஞ்சதுதான் பாத்திருக்கேன். அது எங்கிட்டு நழுவும்?" என்று ஆரோக்கியம் கேட்க, வகுப்பே படுத்தபடி சிரித்தது. முதல் முறையாக நான் ஒருவருக்குச் செய்து காட்டினேன்.

மூச்சு முட்டினால் எதிராளியின் உடம்பில் தட்டவேண்டும். தட்டினால் உடனே விடவேண்டும். நான் ஆரோக்கியத்தின் கழுத்தை முதன்முதலாகச் சரியாகப் பிடித்த அன்று, அவள் என் முதுகில் தட்டினாள். நன்றாகச் செய்கிறேன் என்று மெச்சுகிறாள் போலும் என்று இன்னும் இறுக்கினேன். அவள் பலமாகத் தட்டினாள். நானும் பலமாக இறுக்கினேன். லூர்து ஓடிவந்து பிரித்தாள். "அடியே கொழும்பு! தட்டுனா விடணும்த்தா! முதுகைத் தடவித் தாலாட்டா பாடுவேன், செத்துக்கிட்டு இருக்கயில?" என்று இருமியபடி கத்தினாள் ஆரோக்கியம். அப்புறம் என்னைப் பார்த்து, "கெட்டியான புடிதான்" என்றாள்.

வீட்டில் நிலைமை வேறு. வசந்தியின் இருமல் நின்றுவிட்டது. நான் போவது நிற்கவில்லை. "ஆரோக்கியம் அம்மா மேல உக்காந்தாங்க" என்று அவள் ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தாள். கனவு கண்டிருக்கிறாள் என்றேன். அத்தை எனக்கு மோர் ஊற்றினார். அன்று மாலை நான் பூத்தொடுக்கும்போது என் பின்னால் வந்து நின்றார். குனிந்து என் கொண்டையருகே மூச்சை இழுப்பது கேட்டது.

"வாயைத் தொற."

"அத்தை?"

"தொறங்குறேன்ல." கன்னத்தை அழுத்திப் பிடித்து உள்ளே பார்த்தார். "எம்புட்டு நாளா இந்தப் பழக்கம்? கொழும்புல படிச்ச பொம்பளைக போடுறதா? அவனுக்குத் தெரியுமா?"

புகையிலை போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்! இல்லை என்றேன். பிறகு ஏன் சேலையெல்லாம் அந்த நாற்றம் என்றார். உண்மையைச் சொன்னால், ஒரு பிரேசில்காரியோடும் ஆரோக்கியத்தோடும் கட்டிப் புரள்கிறேன் என்றுதான் சொல்லவேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் புகையிலை வியாபாரி என்றேன்.

"எல்லா வாட்டியுமா?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அந்தக் கருமத்துக்கு ஒரு மனுசனை வாரிக் குடுத்தவடி நான்."

இப்படி ஒருத்தியிடம் பேத்தி வளரக்கூடாது என்று இவர் நினைத்தால் எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? எந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகத் தயங்கிக்கொண்டிருந்தேனோ, அதைப் பிடித்துவைத்துக்கொள்ள நானே அவருக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தேனா? வந்த நாளிலிருந்து அவரை நான் வேவு பார்த்தேன். இனி அவர் முறை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் முன்னால் முக்காடு போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரோ திருடி என்று நினைத்து நான் பையை இறுக்கிக்கொண்டேன். பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியத்தின் அடியில் நான் கிடக்கும்போது, கொட்டகை வாசலில் முக்காடு விலகியது. அத்தை!

எழப் பார்த்தேன். ஆரோக்கியம் விடவில்லை. அவளுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. அத்தை சாக்கை மிதித்தார், குனிந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து முகர்ந்தார். இரண்டு முறை தும்மினார். பிறகு வைக்கோலில் விளையாடிய வசந்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு நிறுத்துறீக? நடக்கட்டும்" என்றார்.

அவமானத்தில் என் கைகள் ஓயவில்லை, வேகம்தான் கூடியது. ஆரோக்கியத்தின் ஒரு கையை மடக்கிப் பிடித்தேன், அதே பக்கத்துக் காலை என் காலால் பூட்டினேன், இடுப்பைத் தூக்கினேன். பாதி வந்தது, சரிந்தது.

"கையை விடாத, கையை விடாத! அந்தா, அந்தக் கையை!" வாசலிலிருந்து குரல். மஞ்சுவிரட்டுக்கு வந்தவர்போல முட்டியில் அடித்துக்கொண்டிருந்தார் அத்தை. இன்னொரு முறை தூக்கினேன். ஆரோக்கியம் பக்கவாட்டில் உருண்டாள்.

"இம்புட்டுப் பெரிய உருப்படியை!" என்றார் அத்தை. ஆரோக்கியம் தரையில் கிடந்தபடியே, "உருப்படிங்குறாக பாரு" என்று முறைத்தாள்.

அத்தை லூர்துவிடம் திரும்பினார். "எல்லாம் சரித்தா. இடுப்புல பிள்ளை இருந்தா என்ன செய்வா?"

இத்தனை நாளாக நானே கேட்கப் பயந்த கேள்வி அது. லூர்து வசந்தியைப் பார்த்தாள்.

"பிள்ளை கையில இருந்தா இது ஒண்ணும் வேலை செய்யாது. கத்தணும். ஓடணும். ஓட முடியலைன்னா பிள்ளையை யாருகிட்டயாவது குடுக்கணும்."

"இவ பொய் சொல்லல" என்றார் அத்தை, மெச்சுவதுபோல. எனக்கோ எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. இதைவிடத் தெளிவாக யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கொழும்பில் கொடுக்க ஆள் இல்லை, இங்கே மடியை விரித்துக்கொண்டு ஓர் ஆள் இருக்கிறார். அவர் கேட்கப்போகிறார், நான் சரி என்று சொல்லப்போகிறேன்.

பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். அத்தை என் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "ஏத்தா, இம்புட்டுத் தெம்பு இருக்குறவ, பெத்த பிள்ளையை எதுக்கு எங்கிட்ட விட்டுட்டுப் போகணும்ங்குற?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே ஆசைப்பட்டீங்க?"

"நானா?"

"உங்க மகன் சொன்னாரே. அம்மா ரொம்ப ஆசைப்படுறாங்கன்னு."

அத்தை என்னையே பார்த்தார். "எனக்கு ஆசை இல்லைன்னு சொல்லல. ஆனா நான் கேக்கல. நீதான் பயந்து போயி, 'பிள்ளையை அத்தைகிட்ட விட்டுருவோம்'னு ராவும் பகலும் அழுதியாம்ல? போன வருசம் வந்திருந்தப்ப எங்கிட்ட அப்படித்தானே சொன்னான். அதுக்குத்தான் சிலேட்டு வாங்குனேன், கொலுசு அடிச்சேன். பெத்தவளே வேணாம்ங்குதே, நாமளாவது நல்லா வச்சுக்கிருவோம்னு."

பெத்தவளே வேண்டாம் என்கிறாள்! இத்தனை நாளாக இவர் என்னைப் பற்றி மனதில் வைத்திருந்தது இதுதான். இவர் மடியில் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் நான் இவரைப் பற்றி வைத்திருந்தது என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

"அவர் ஏன் அப்படிச் சொல்லணும்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவன் சின்னதுலயே அப்படித்தான். வயிறு பசிச்சா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பசிக்குதாம்னு வந்து நிப்பான்" என்றார். பஸ் வந்தது.

வீடு போய்ச் சேரும்வரை அத்தை சொன்னது உண்மைதானா, மகனைக் காட்டிக்கொடுப்பதுபோல என்னைத் தன் பக்கம் இழுக்கிறாரா என்று யோசித்தேன். இரவு அவரே வந்து என் அருகில் உட்கார்ந்தார். "விட்டுட்டுப் போனா வளப்பேன். கூட்டிக்கிட்டுப் போனா கும்புட்டு அனுப்புவேன். எதுன்னாலும் உன் வாயால சொல்லு. அவன் வாயால வேணாம்."

"கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுதாரா என்பது எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் கப்பலில் கடல் கொந்தளித்தது. அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த முறுக்கை நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வசந்திக்குக் கொடுத்தேன். மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மறந்துவிடுமோ என்று ஒரு முறை எனக்கு நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் கணவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு லூர்துவிடம் பாடம் இல்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னவரில்லை. அப்படிப்பட்டவரிடம் எதைப் பிடித்துக் கேட்பது?

கொழும்புக் கோட்டை ரயில் ஸ்டேஷனில் அவர் தூணோரம் நின்றிருந்தார். ஜன்னலில் வசந்தியின் தலையைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"அம்மா ஒத்துக்கலையா?" என்றார்.

"அம்மா கேக்கவே இல்லையாமே. நானும் கேக்கல. அப்ப கேட்டது யாரு?"

கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் பேச்சை மாற்றி அவரைக் காப்பாற்றுகிறவள் நான்தான். அன்று பேசாமல் நின்றேன். வசந்தி இடுப்பில் கனத்தாள்.

"நான்தான்" என்றார் கடைசியில். "நீ அன்னைக்கு வந்து சொன்னதிலிருந்து ஆபீஸில் உட்கார முடியல. எனக்குப் பயமா இருந்தது."

கல்யாணமான நாளிலிருந்து 'எனக்கு' என்று தொடங்கி அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்குந்தான்" என்றேன். "அதுக்காக அவளை அனுப்ப வேண்டாம்."

வசந்தியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நடக்கிறேன் என்று அவள் உதைத்தும், வீடு வந்து சேரும்வரை கீழே இறக்கிவிடவேயில்லை.